நிலம் நடுங்கும் ஊரில் ஒரு வீடு



திருச்சுழிக்கு அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து சகோதரர் ஒருவர் எழுதியுள்ள மடல், இம்மாதப் பக்கத்தை முழுவதுமாக எடுத்துக்கொள்கிறது. அவருடைய மூத்த மகன் பதினோர் ஆண்டுகளாக அந்தமானில், போர்ட் பிளேர் நகரத்து இரும்புக் கடையொன்றில் பணியாற்றி வருகிறார். (2024-ஆம் ஆண்டில் அந்நகர் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்றது. நம்மவர் நாவில் பழைய பெயரே நிற்பதால் நாமும் அதையே எழுதுகிறோம்.) மருமகளும் இரு பேரப்பிள்ளைகளும் ஊரில் இருக்கிறார்கள். மகன் ஆண்டுக்கொரு முறை வருகிறார். சில ஆண்டுகளில் அதுவும் இல்லை. இப்பொழுது அவர், "ஊரிலுள்ள வீட்டையும் புஞ்சையையும் விற்றுவிட்டு எல்லோரும் இங்கேயே வந்துவிடுங்கள், அத்தா. கழியோரம் மனையொன்று மலிவாக வருகிறது, வீடு கட்டிக்கொள்வோம்" என்கிறாராம். சகோதரரின் துணைவியாரோ, கடல் பொங்கி ஊரை விழுங்கிய மண்ணுக்குப் பேரப்பிள்ளைகளை அனுப்பவே மாட்டேன் என்று ஒரே பிடியாக நிற்கிறார். மருமகள் ஒன்றும் சொல்லவில்லையாம். "நிலநடுக்கம் வரும் ஊர் என்று தெரிந்தே குடிபோவது அறிவுடைமையா?" என்று கேட்கிறார் சகோதரர்.

சகோதரரே, மருமகள் ஒன்றும் சொல்லவில்லை என்பதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அந்த வரிக்குப் பிறகு வருவோம். முதலில் தங்கள் துணைவியாரின் அச்சம் எவ்வளவு உண்மை என்பதைப் பார்த்துவிடுவோம்.

அவ்வச்சம் வெறும் பிரமையன்று. இந்தியாவைத் தாங்கும் நிலத்தட்டு மற்றொரு தட்டின் அடியில் நுழைகின்ற விளிம்பின்மீதே அந்தமான் நிக்கோபார் தீவுகள் அமர்ந்திருக்கின்றன. அடியில் நுழையும் தட்டு வழுவழுவென்று சென்றுவிடுவதில்லை. சிக்கிக்கொண்டு, பன்னெடுங்காலத்து இறுக்கத்தைச் சேர்த்துவைத்து, ஒருநாள் சட்டென்று விடுபடுகிறது. 1941-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவ்வாறு விடுபட்டபோது, ஆங்கிலேயர் தம் தலைமையிடமாக வைத்திருந்த ராஸ் தீவின் கட்டடங்கள் சிதைந்தன. 2002, 2009, 2010 ஆகிய ஆண்டுகளிலும் 6.5-உம் அதற்கு மேலும் அளவுள்ள நடுக்கங்கள் அத்தீவு வரிசையை உலுக்கின. இவற்றுக்கெல்லாம் பெரியது 2004 டிசம்பர் 26 காலை 6.28 மணிக்கு வந்தது. அதன் அளவு 9.1. சுமத்ரா தொடங்கி வட அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடி நிலம் பிளந்து நகர்ந்தது. போர்ட் பிளேர்ப் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டது. அதன் அருகிலுள்ள சிப்பிகாட் வயல்களில் கடல்நீர் புகுந்து நிலைத்துவிட்டது. தென்கோடியிலுள்ள இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் இறங்கி, அங்கிருந்த கலங்கரை விளக்கம் கடலுக்குள் நிற்கலாயிற்று. வடக்கிலோ இதற்கு நேர்மாறாக நிலம் உயர்ந்து, பவளப் பாறைகள் வெயிலில் காய்ந்தன.

நமது நாட்டின் நிலநடுக்க வரைபடம் 2002-இல் திருத்தப்பட்டபோது, நாடு 2 முதல் 5 வரை நான்கு மண்டலங்களாகப் பகுக்கப்பட்டது. அந்தமான் நிக்கோபார் முழுவதும் மிகக் கடுமையான ஐந்தாம் மண்டலத்தில் வைக்கப்பட்டது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் மிகக் குறைந்த இரண்டாம் மண்டலத்தில் வந்தன. இதைக் கேட்டதும், "அப்படியானால் விடை கிடைத்துவிட்டதே! இங்கேயே இருப்போம்" என்று துணைவியார் சொல்லக்கூடும். சற்றுப் பொறுக்க வேண்டும்.

2004-இல் அத்தீவுகளில் உயிரிழந்தோரில் மிகப் பெரும்பாலோர் நடுக்கத்தால் மாண்டவர் அல்லர், நீரால் மாண்டவர். கார் நிக்கோபார், கச்சால் போன்ற தீவுகளின் தாழ்ந்த கரைகளில்தாம் பேரழிவு நிகழ்ந்தது. (இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர்த் தோட்ட வேலைக்காகக் குடியமர்த்தப்பட்ட தீவு அந்தக் கச்சால்.) மேடும் பள்ளமுமாகக் குன்றுகளின்மீது அமைந்த போர்ட் பிளேரில் இழப்பு ஒப்பு நோக்கக் குறைவு. அதே நாளில், நிலம் நடுங்கி ஒரு வீடும் இடியாத நமது நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஏறத்தாழ ஆறாயிரம் பேர் மடிந்தார்கள். ஆகவே எந்த மண்டலம் என்பது ஒரு கேள்வி. எந்த மேடு, எந்தப் பள்ளம் என்பது வேறொரு கேள்வி. இரண்டாவது கேள்வியைத்தான் நம்மவர்கள் கேட்பதே இல்லை.

மண்டலத்தை மட்டும் நம்பியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு மராட்டிய மாநிலத்தின் கில்லாரி சான்று. லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரி ஏறக்குறைய நம் அருப்புக்கோட்டைச் சீமையின் உடன்பிறப்பு போன்றது. கரிசல் மண், வானம் பார்த்த வெள்ளாமை, அடிக்கடி வறட்சி. அன்றைய வரைபடத்தில் அது மிகக் குறைந்த முதலாம் மண்டலத்தில் இருந்தது. 1993 செப்டம்பர் 30 அதிகாலை நான்கு மணிக்குச் சற்று முன்னர், விநாயகர் சிலைகளைக் கரைத்துவிட்டு வந்து ஊரார் அயர்ந்து உறங்கிய வேளையில், 6.2 அளவுள்ள நடுக்கம் வந்தது. மாண்டவர் தொகையை எட்டாயிரம் என்றும் பத்தாயிரம் என்றும் கணக்குகள் கூறுகின்றன. அடுத்த நான்கு மாதங்களுக்குள், 1994 ஜனவரியில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நார்த்ரிட்ஜ் என்னுமிடத்தில் அதைவிடப் பெரிய நடுக்கம், 6.7 அளவில், மக்கள் நெருங்கி வாழும் நகரப் பகுதியையே தாக்கிற்று. அங்கு மாண்டவர் ஏறத்தாழ அறுபதின்மர்.

இந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் கில்லாரியின் வீடுகள். கரடுமுரடான கற்களைச் சேற்று மண்ணில் அடுக்கி இரண்டு முழத்துக்குச் சுவர் எழுப்பி, மரப்பலகைக் கூரையின்மேல் வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று ஆண்டுதோறும் மண்ணைக் கொட்டிக் கனமேற்றி வைத்திருந்தார்கள். வசதியுள்ளோர் வீடு அது. சுவர் இரு பக்கமும் பிளந்துகொள்ள, மேலிருந்த மண் முழுவதும் உறங்கியவர்மீது இறங்கிற்று. கூரைக் குடிசையில் கிடந்த ஏழைகள் பலர் உயிரோடு எழுந்தார்கள். கட்சு மாவட்டத்திலும் இதே கதைதான். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தை 7.7 அளவுள்ள நடுக்கம் தாக்கியபோது, பன்னி புல்வெளியில் நம் சமுதாயத்துக் கால்நடை மேய்ப்போர் வாழ்கின்ற 'பூங்கா' எனப்படும் வட்ட வடிவ மண்குடில்கள் பல, கூம்புக் கூரையோடு நின்றன. இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில், கீழ்த்தளத்தை வண்டி நிறுத்தவென்று வெறுந்தூண்களில் நிறுத்திய அடுக்குமாடிகள் சரிந்து எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காங்கிரீட் என்றால் பலம் என்று நம்பிக்கொண்டிருக்கும் நமக்கு இது சிந்தனைக்குரியது.

நில அசைவு அந்தமானுக்கு மட்டும் உரியதென்றும் எண்ண வேண்டாம். கோடையில் கன்றின் கால் சிக்குமளவு வெடித்து, ஐப்பசி மழையில் உப்பிப் பெருக்கும் கரிசலில் வீடு கட்டி வாழ்பவர்கள் நாம். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு இல்லாத வீடு நம் பக்கத்தில் எத்தனை? விவரமறிந்த கொத்தனார் கரிசலைத் தோண்டி எறிந்து, சரளை தட்டும்வரை கடைக்கால் இறக்கி, மணல் நிரப்பிய பின்னரே கல் வைப்பார். அவர் மண்ணோடு வழக்காடாமல் அதன் குணமறிந்து கட்டுகிறார். அந்தமானில் வேண்டப்படுவதும் அதே அறிவுதான். அளவில் மட்டும் பெரிது.

அச்சத்தை அளப்பதில் நாம் நேர்மையாக இருப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நமது விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆலை விபத்தில் உயிர்கள் போகாத ஆண்டு உண்டா? 2012 செப்டம்பரில் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஒரே நாளில் நாற்பதை ஒட்டிய உயிர்கள் போயின. அதற்காக எவரும் ஊரைக் காலி செய்யவில்லை. தலைக்கவசமின்றி மூன்று பேராய் மோட்டார் சைக்கிளில் மதுரைக்குப் பறக்கிறோம். அந்தமான் என்றதும் நெஞ்சு படபடக்கிறது! பழகிய ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. குண்டாறு மணலாய்க் கிடக்க, கண்மாய்கள் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்க, பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்களை நிலநடுக்கம் என்று சொல்லித் தடுத்துவிட முடியாது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1985 வரை அடங்கியிருந்த பழைய இராமநாதபுரம் மாவட்டம், அந்தமானுக்குத் தமிழரை அனுப்பியதில் முன்னணியில் நின்றது. 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மூன்றே முக்கால் இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். அதற்கும் முன்னரே, 1921 மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மாப்பிள்ளைமார், தென் அந்தமானில் தாங்கள் குடியேறிய ஊர்களுக்கு வண்டூர், திரூர், மஞ்சேரி, மன்னார்காடு என்று தம் சொந்த ஊர்ப் பெயர்களையே சூட்டினார்கள். கட்டாயத்தின்பேரில் போனவர்களே அம்மண்ணில் வேரூன்றிப் பேரன் பேத்தி கண்டுவிட்டார்கள்.

இவ்விடத்தில் சிலர், "எங்கிருந்தாலும் மவுத் வருகிற நேரத்தில் வரும், இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?" என்பார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கப் பணிக்கப்பட்ட சமுதாயம் நாம். வீட்டு மூலையில் கம்பி போடாத கொத்தனாரின் குறையைக் கத்ரின்மீது ஏற்றுவது முறையன்று.

சகோதரரே, இப்பொழுது தங்கள் மருமகளிடம் வருவோம். பதினோர் ஆண்டு! அவரும் கணவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த நாள்களைக் கூட்டிப் பாருங்கள், ஓராண்டு தேறுமா? வளைகுடா நாடுகளுக்குச் சென்றோரின் குடும்பங்களில் இந்நிலையை நாம் காலங்காலமாகக் கண்டு வருகிறோம். அங்கே விசா என்னும் தடை இருக்கிறது. அந்தமான் நமது நாட்டின் பகுதி; அங்கே தமிழ் வழங்குகிறது, பள்ளிவாசல்கள் இருக்கின்றன, பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. நிலநடுக்கத்தைக் காரணம் காட்டி ஒரு பெண்ணையும் அவள் கணவனையும் பிரித்து வைப்பதற்கு நமக்கு உரிமை இல்லை என்பதே நம் திடமான கருத்து. அவர் வாய் திறவாதது சம்மதத்தாலா, மாமியாரின் முகத்துக்கு அஞ்சியா என்பதைத் தாங்கள் கேட்க முடியாவிட்டால், அவருடைய தாயாரைக் கொண்டு கேளுங்கள். வீட்டு மஷூராவில் அவருக்கும் ஓர் இருக்கை வேண்டும். போய்க் குடித்தனம் நடத்தப்போகிறவர் அவரே.

ஆயினும், மகன் சொல்லும் திட்டத்தை அப்படியே ஏற்கவும் நமக்கு மனமில்லை. ஊர் வீட்டையும் புஞ்சையையும் விற்று, வந்த பணம் முழுவதையும் ஐந்தாம் மண்டலத்தில் ஒரே சுவருக்குள் போடுவதா? விற்க வேண்டாம். புஞ்சையைக் குத்தகைக்கு விடலாம். வீட்டுக்கு ஓடு மாற்றிப் பூட்டி வைக்கலாம். 2004-க்குப் பின் வீடிழந்த தீவு மக்கள் தகரக் கொட்டகைகளில் வெந்து புழுங்கி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். தாய்நிலத்தில் திரும்பி வர ஒரு வீடு இருந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர், கப்பலில் மூன்று நாள். திரும்பி வர முடியாத தொலைவு அன்று. மகன் முதலில் மேட்டுப் பகுதியில் வாடகை வீடொன்றைப் பிடித்து, மனைவி மக்களை அழைத்துக்கொள்ளட்டும். மரச்சட்டமும் தகரக் கூரையுமாய் உள்ள பழைய தீவு வீடு கிடைத்தால் இன்னும் நலம். அத்தகைய எடை குறைந்த வீடுகள் 2004-இல் பெரும்பாலும் நின்றன. ஓர் ஆண்டு வாழ்ந்து பார்த்த பின் மனை வாங்குவதைப் பற்றிப் பேசலாம். தாங்களும் துணைவியாரும் முதல் ஆண்டில் விருந்தாளியாய்ப் போய் வாருங்கள்.

தண்ணீருக்காகவே போகிறோம் என்ற எண்ணம் வேண்டாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவுதான். எனினும் பெய்த மழை சரிவில் ஓடிக் கடலில் கலந்துவிட, கோடையில் போர்ட் பிளேர் வீடுகளிலும் குடத்தை வரிசையில் வைத்துக் குழாயடியில் காத்திருக்கிறார்கள். திருச்சுழிப் பெண்ணுக்கு இது புதிய வேலையாக இராது!

வீடு கட்டும் காலம் வந்தால், மகன் இரும்புக் கடையில் இருப்பதால் கம்பியின் விலை தெரிந்திருக்கும். கம்பியின் வேலையும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தளம் போதும். அடிமட்டம், லிண்டல், கூரை மட்டம் ஆகிய மூன்றிலும் வீட்டைச் சுற்றித் தொடர்ந்து காங்கிரீட் பெல்ட் ஓட வேண்டும். மூலைதோறும் கடைக்காலிலிருந்து கூரை வரை நிற்கும் கம்பி வேண்டும். பெட்டியைக் கயிற்றால் கட்டுவது போலச் சுவர்களை ஒன்றாகப் பிணைத்து வைப்பது இதுவே. தூண் வைத்துக் கட்டினால் ரிங் கம்பிகளை நெருக்கமாகக் கட்டி, அவற்றின் முனைகளைத் தூணின் உட்பக்கமாக நன்கு மடக்கச் சொல்ல வேண்டும். மேலோட்டமாக மடக்கிய முனை, நடுக்கத்தில் விரிந்துவிடும். கீழே கடைகளுக்காகச் சுவரின்றித் திறந்துவிட்டு மேலே குடியிருக்கும் ஆசை வேண்டவே வேண்டாம். கடல்மணலைக் கழுவாமல் கலந்தால் கம்பி சில ஆண்டுகளில் துருவேறி உப்பிவிடும். சரிவில் மனை என்றால், வெட்டிய தரையின்மேல் வீடு நிற்கட்டும். கொட்டி நிரப்பிய மண்ணின்மேல் முற்றம் இருக்கட்டும். பீரோவைச் சுவரோடு ஆணியடித்து நிறுத்துவது தங்கள் துணைவியார் சொல்ல வேண்டிய காரியம், ஆண்கள் மறந்துவிடுவார்கள்.

பேரப்பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டியது ஒன்று உண்டு. சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் சிமலூ என்றொரு தீவு. முஸ்லிம்கள் வாழும் தீவு. 1907-இல் பேரலையில் பெருந்தொகையானோரை இழந்த அம்மக்கள், நிலம் பலமாக நடுங்கிக் கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதை 'ஸ்மாங்' என்ற ஒரே சொல்லில் அடக்கி, பாட்டிமார் வாயிலாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 2004-இல் நடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தும், எழுபத்தெண்ணாயிரம் பேரளவில் வாழ்ந்த அத்தீவில் மாண்டவர் எழுவர் மட்டுமே. ஹைதராபாத்தில் 2007 முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்குகிறது. தமிழகக் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்ததால் அத்தகைய எச்சரிக்கை இங்கே பெரிதும் உதவும். நிக்கோபாரிலோ அலை அரை மணிக்கும் குறைவான நேரத்தில் வந்துவிட்டது. நிற்க முடியாத அளவுக்கு நிலம் நெடுநேரம் ஆடினால், கைப்பேசியில் செய்தி வரும்வரை காத்திராமல், பொருளை எடுக்கத் திரும்பாமல், மேட்டை நோக்கி நடக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் ஓதுகிற சூராவைப் போல மனனம் செய்திருக்க வேண்டும்.

இனி அந்தக் கழியோர மனை. மலிவாக வருகிறது என்றால் எதனால் மலிவு என்று கேட்டறிய வேண்டும். பட்டா எவர் பெயரில், ஆக்கிரமிப்பு நிலமா, முன்னர் வயலாக இருந்து மண் கொட்டி மேடாக்கியதா என்பதை வருவாய் அலுவலகத்திலும், அக்கம் பக்கத்தில் 2004-க்கு முன்பிருந்தே வாழ்கின்ற முதியவர்களிடமும் விசாரிக்கட்டும். நிலம் தாழ்ந்த பின்னர் ஓதநீர் எதுவரை ஏறுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் சொன்னதோடும் விட்டுவிட வேண்டாம். பிறை பதினான்கு, பதினைந்து வாக்கில் ஓதம் மிக உயர்ந்து ஏறும். அவ்விரு நாள்களில் ஏற்றம் உச்சத்தை அடையும் வேளையைத் துறைமுகத்தில் கேட்டுக்கொண்டு, மகன் அம்மனையின் நடுவில் போய் நின்று பார்க்கட்டும். கால் நனைந்தால் முன்பணம் கொடுக்க வேண்டாம்.